விளக்கு ஏற்றுவதற்கு முன் அரை மணி

(திருமலை அடிவாரமான அலிபிரியில், பள்ளி ஆசிரியர்களும் பஜனைக் குழுவினரும் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் போக்கு மாறாமல் அச்சுக்குத் தரப்படுகிறது.)



மேசைமேல் புரொஜெக்டர் இருக்கிறது. எதிரே திரையும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் இன்னும் போடவில்லை. நான் வந்ததிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "ஏன் சார், கரென்ட் இல்லையா, ரிப்பேரா?" என்று. ரிப்பேர் ஒன்றுமில்லை. என் பேச்சு முடிகிற வரைக்கும் அதை அணைத்தே வைக்கச் சொன்னவன் நான்தான். புரொஜெக்டரைப் பற்றிப் பேச வந்தவன் புரொஜெக்டரைப் போடாமல் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் இன்றைக்கு விஷயம்.

இந்த இடத்துக்கும் சொற்பொழிவுக்கும் பழைய உறவு உண்டு. மாமா திருமலை நம்பி தினமும் மலையிலிருந்து இறங்கி வருவார், மருமகன் ராமாநுஜர் கீழேயிருந்து வருவார், இங்கே ஒரு புளியமரத்தடியில் ஒரு வருஷம் ராமாயணப் பாடம் நடந்தது என்பது வைணவ மரபு. மலையடிவாரத்துப் புளி, அடிப்புளி, அதுவே திரிந்து அலிபிரி ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. மைக் கிடையாது, திரை கிடையாது. கேட்கிறவர் ஒருவர், சொல்கிறவர் ஒருவர். நம்பிக்கு மலைமேல் பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுபோகிற வேலை இருந்தது. பாடத்தில் லயித்து உச்சிகால சேவைக்குப் போகத் தவறினார் என்று ஒரு கதையும் இருக்கிறது. அந்த மாமாவும் மருமகனும் நேரத்தை மறந்தார்கள். நாம் நேரத்தை மறப்பதே இல்லை. ஆறு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து ஐம்பதுக்குப் புரொஜெக்டரைப் பையிலிருந்து எடுக்கிறோம்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அதோடு இருபத்தைந்து வருஷமாக மண்டபம் மண்டபமாகப் புரொஜெக்டர் தூக்கிக்கொண்டு அலைந்தவன். என் அனுபவத்தில் கருவி கெட்டதும், ஆள் தடுக்கி விழுந்ததும், யாருக்காவது ஷாக் அடித்ததும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது குறைவு. முதல் ஆள் வந்து உட்கார்ந்த பிறகு பதறிப்போய் வயர் செருகுகிற பத்து நிமிடத்திலும், கடைசி ஆள் எழுந்த பிறகு பூட்டுகிறவர் சாவியோடு நிற்க, பிடுங்கிச் சுருட்டுகிற பத்து நிமிடத்திலும்தான் எல்லாம் நடந்தது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லேப்டாப்போடு சேர்த்து வாங்குகிறோம், லேப்டாப் கடையிலேயே வாங்குகிறோம், அதனால் புரொஜெக்டரைக் கம்ப்யூட்டர் சாதனம் என்றே நினைத்துவிட்டோம். அது ஒரு விளக்கு. குத்துவிளக்குக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் பங்காளி. எப்போதுமே அப்படித்தான். பாரிஸில் 1897 மே 4ஆம் தேதி ஒரு தர்மச் சந்தையில் சினிமா காட்டினார்கள். அந்தக் கருவியில் மின்விளக்கு இல்லை, ஈதர் ஆவியை எரிக்கிற விளக்கு. நடுவில் ஈதர் தீர்ந்தது. இருட்டில் எப்படி ஊற்றுவது? வெளிச்சத்துக்கு ஒரு தீக்குச்சி கிழித்தார்கள். மரமும் துணியுமாகக் கட்டிய கொட்டகை. 126 பேர் செத்தார்கள். படச்சுருள் அல்ல, அங்கே விளக்கும் அவசரமும்தான் எமன்.

நம் பக்கத்திலும் அந்தக் காலத்து விளக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர் ஒருவர் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905இல் டூபாண்ட் என்கிற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் ஊர் சுற்றிய காலத்தில் பாதி ஊருக்கு மேல் கரென்ட் கிடையாது. எளிதில் தீப்பற்றுகிற படச்சுருளை ஒரு கையிலும், கொதிக்கிற விளக்கை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நூற்றுக்கணக்கான பேரை உட்காரவைப்பது என்றால், அந்த மனிதருக்கு எவ்வளவு நிதானம் இருந்திருக்க வேண்டும்! இந்தியாவில் 1918இல் வந்த சினிமாச் சட்டத்தை இன்றைக்குச் சென்சாருக்காக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். கொட்டகைக்கு லைசென்ஸ் வேண்டும், பார்க்க வருகிறவர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கவலை.

மேசைமேல் இருக்கிற இந்தப் பெட்டிக்குள் இருப்பதும் லேசுப்பட்டதல்ல. இதில் இருப்பது பாதரச ஆவி விளக்கு. சுண்டுவிரல் நுனி அளவுக் குவார்ட்ஸ் குமிழ், அதற்குள் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மின்சாரப் பொறி. எரியும்போது குமிழுக்குள் அழுத்தம் 200 வளிமண்டலத்துக்கு மேல் போகும். கார் டயருக்குள் நாம் அடிக்கிற காற்று ஏறக்குறைய இரண்டு. அதைப் போல நூறு மடங்கு. குமிழின் சுவர் ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உள்ளே சிறிதளவு பாதரசம். இத்தனையும் ஒரு சோப்பு டப்பா அளவுக் கூண்டுக்குள். ஒரு சின்ன மின்விசிறிதான் அதற்குக் காவல்.

புதிதாக வருகிற லேசர் புரொஜெக்டர்களில் இந்தக் குமிழ் இல்லை. 20,000 மணி நேரம் வரும் என்கிறார்கள், சட்டென்று எரியும், சட்டென்று அணையும். வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். அதற்கு வேறு ஒரு பத்தியம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சரி, ஒரு ஹாலுக்குப் போகிறோம். முதலில் எதைத் திறப்பது? புரொஜெக்டர் பையை அல்ல. கதவைத் திறந்து உள்ளே போய் நின்று, ஜன்னல் எங்கே, டியூப்லைட் எங்கே, ஃபேன் எங்கே, பிளக் பாயின்ட் எங்கே என்று நாலு பக்கமும் பாருங்கள். ஃபேனை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மூர் மண்டபங்களில் ஃபேன் நீளக் கம்பியில் தொங்கும். புரொஜெக்டரைக் கூரையில் மாட்டிவிட்டு, ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் தெரியும், ஒளிக்கு நடுவே ஃபேன் இறக்கை சுற்றுகிறது என்று. படம் முழுக்கப் படபடவென்று வெட்டும். ஃபேனை நிறுத்தினால் கூட்டம் வேர்த்துக் கொட்டும். ஆணி அடிப்பதற்கு முன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

வெளிச்சக் கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அதிகம் பேர் பணத்தை வீணாக்குவது இங்கேதான்.

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் போடத்தான் அதற்குத் தெரியும். திரையில் நீங்கள் பார்க்கிற கறுப்பு, அது வெளிச்சம் போடாமல் விட்ட இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பல் ஆகிவிடும். 3000 லூமென்ஸ் புரொஜெக்டர் என்று வையுங்கள். அதை 100 அங்குலத் திரையில், அதாவது ஏழேகால் அடி அகலம், நாலடி உயரத்தில் விட்டால் திரைமேல் சுமார் 1100 லக்ஸ் வெளிச்சம் விழும். ஹாலின் விளக்குகளால் அதே திரைமேல் 200 லக்ஸ் விழுகிறது என்றால், வெள்ளை இடம் 1300, கறுப்பு இடம் 200. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். எழுத்து படிக்கும்படி தெரியும். இப்போது தலைவர் வந்து, "இன்னும் கொஞ்சம் பெரிசா வைங்க சார்" என்கிறார். அகலத்தை இரண்டு மடங்காக்குகிறீர்கள். உயரமும் இரண்டு மடங்காகும், பரப்பு நாலு மடங்காகும். 1100 லக்ஸ் 275 ஆகிவிடும். வெள்ளை 475, கறுப்பு அதே 200. இரண்டரை மடங்குகூட இல்லை. படம் சோகையாகத் தெரியும்.

ஒரு கரண்டி மாவுதான். சின்னக் கல்லில் ஊற்றினால் ஊத்தப்பம், பெரிய கல்லில் இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். அதற்கு மேல் இழுத்தால் ஓட்டை.

அதனால் பெரிய புரொஜெக்டர் வாங்குவதற்கு முன் முன்வரிசை டியூப்லைட்டை அணையுங்கள். எல்லாவற்றையும் அணைக்கக் கூடாது. திரைக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும். பின்னால் விளக்கு எரியட்டும், பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும், பெரியவர்கள் எழுந்து வெளியே போகும்போது செருப்பு தெரியட்டும். முழு இருட்டு என்பது கொட்டகைக்குச் சரி, ஜமக்காளத்தில் குழந்தைகள் தூங்குகிற பஜனை மண்டபத்துக்குச் சரிவராது. பிரம்மோற்சவத்தில் பெரிய எல்இடி திரைகள் வைக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு நம் புரொஜெக்டரைத் திறந்தவெளியில் மாலை ஐந்து மணிக்கு வைக்காதீர்கள். எல்இடி திரை தானே எரிகிறது. நம் திரை வெறும் துணி. சூரியனோடு போட்டி போட அதனால் ஆகாது.

பெட்டிமேல் போட்டிருக்கிற லூமென்ஸ் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சின்னதாக, சல்லிசாக இணையத்தில் விற்கிற சிலவற்றில் எந்த முறையில் அளந்தது என்று சொல்லாத பெரிய பெரிய எண்கள் இருக்கும். ஆன்சி லூமென்ஸ் என்றோ ஐஎஸ்ஓ 21118 என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தூரம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் உண்டு. படத்தின் அகலம் ஒரு அடி வேண்டுமென்றால் எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது அது. 1.5 என்றால் ஏழேகால் அடி அகலத்துக்குக் கிட்டத்தட்ட பதினோரு அடி. இதைக் கணக்குப் போட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவிட்டால் மேசையை நாலு தடவை இழுக்க வேண்டாம். கடைசி வரிசையில் இருப்பவர் திரை உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள் உட்கார்ந்தால் எழுத்தைப் படிக்கலாம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. நாலடித் திரைக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து அடி. அதற்கு அப்பால் உட்காருகிறவர்களுக்குப் பாட்டு கேட்கும், வரி தெரியாது.

உயரத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். மேசையில் வைத்த புரொஜெக்டரின் படம் லென்ஸுக்கு மேலேதான் விழும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது தெரியாமல், படம் இன்னும் மேலே போகட்டும் என்று முன்காலுக்கு அடியில் புத்தகத்தைச் செருகுகிறோம். படம் மேலே போகும், அதோடு மேல் பக்கம் அகன்று, கீழ்ப் பக்கம் ஒடுங்கி முறம் மாதிரி ஆகும். உடனே ரிமோட்டில் கீஸ்டோன் பட்டனை அமுக்குகிறோம். படம் செவ்வகமாகிவிடும், உண்மைதான். ஆனால் அதற்காக அது புள்ளிகளைக் காவுகொடுக்கிறது, ஓரமாக வரும் வெளிச்சத்தை வீணடிக்கிறது. தமிழ் எழுத்தில் ஒற்றுப்புள்ளி மங்கிப்போவது அதனால்தான். மேசையை உயர்த்துங்கள், நேராக வையுங்கள். கீஸ்டோன் என்பது சட்டையில் போடும் ஒட்டு. கொஞ்சமாக இருந்தால் தெரியாது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். புரொஜெக்டருக்கு அடியில் தெலுங்கு அகராதி, அதன்மேல் ஒரு அட்லஸ், அதன்மேல் கருவி. அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்று புகார். கையை வைத்துப் பார்த்தேன், பின்பக்கம் இட்லிப் பாத்திரம் மாதிரி கொதிக்கிறது. தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தால், காற்று உள்ளே இழுக்கிற சல்லடை அடியில் இருக்கிறது, அதை அட்லஸ் முழுக்க அடைத்திருக்கிறது. அணைந்தது கோளாறு அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அட்லஸை எடுத்தேன், கோளாறு போயிற்று. தலைமையாசிரியர் என்னைப் பெரிய மெக்கானிக் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

வெப்பம் என்று பேச்சு வந்ததால் நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான புரொஜெக்டர்களின் குறிப்பேட்டில் 35 அல்லது 40 டிகிரி வரைதான் என்று போட்டிருக்கும். திருப்பதி வெயில் மே மாதத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, கூரையை ஒட்டி மாட்டிய புரொஜெக்டர் இருக்கிற இடத்துச் சூடு, நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துச் சூட்டைவிட இன்னும் அதிகம். கோடைக்காலத்தில் கூரைக் கருவியை மதியம் போடாதீர்கள். ஈக்கோ என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் வையுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், விளக்கின் ஆயுள் கூடும்.

தூசியைப் பற்றி எல்லாக் குறிப்பேடும் சொல்லும். கற்பூரத்தைப் பற்றி ஒரு குறிப்பேடும் சொல்லாது. கற்பூரம் எரியும்போது எழுகிற கரி இருக்கிறதே, அது நெய் மாதிரி பிசுபிசுப்பு. சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால் ஃபில்டரில் படலம் படலமாக ஒட்டும். பஜனை மண்டபத்துப் புரொஜெக்டர் ஒன்றின் ஃபில்டரை ஒரு தடவை கழற்றினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு எண்ணெய்ச் சட்டி துடைத்த துணி மாதிரி இருந்தது, மோந்தால் கற்பூர வாசனை. ஆரத்தி நடக்கும்போது கருவியை அணைத்து மூடிவையுங்கள், அல்லது ஆரத்தித் தட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் மெல்லத் தட்டுங்கள். லென்ஸை வேட்டி நுனியால் துடைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலம் ஈசல் வரும். இருட்டில் ஒளிக்கற்றை ஒன்று மட்டும் தெரிந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். திரையில் ராமர் பட்டாபிஷேகம் ஓடும், நடுவே நூறு கறுப்புப் பறவைகள் பறக்கும். பார்க்க வேடிக்கை. அவை காற்றோடு சல்லடைக்குப் போய் அடைவதுதான் வேடிக்கையில்லை. வாசலில் வேறு ஒரு விளக்கைப் போட்டு அங்கே இழுத்துவிடுங்கள்.

சிலர் வந்து, "சார், படத்துல நட்சத்திரம் நட்சத்திரமா வெள்ளைப் புள்ளி வருது" என்பார்கள். டிஎல்பி வகைப் புரொஜெக்டரில் நகத்தளவு சிப் ஒன்றில் லட்சக்கணக்கான கண்ணாடிகள் இருக்கின்றன. 1024க்கு 768 என்றால் 7,86,432 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனைவிடச் சின்னது, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தலையாட்டும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987இல் கண்டுபிடித்தது, பிற்பாடு அவருக்கு ஆஸ்கார் விருதே கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடி ஒன்று சிக்கிக்கொண்டால் ஒரு நட்சத்திரம். சூடு ஏற ஏற வானம் நிறையும். இதோ அலிபிரி சாலையில் மண்டல அறிவியல் மையம் இருக்கிறது, நட்சத்திரம் பார்க்க அங்கே போகலாம், வகுப்பறைத் திரையில் வேண்டாம்.

இனி கரென்ட். கவனமாகக் கேளுங்கள், பஜனைக் குழுவினர் முக்கியமாக. நீங்கள் எல்லோரும் வெறுங்காலோடு இருக்கிறீர்கள்.

புரொஜெக்டர் 300 வாட் இழுக்கும் என்று வைத்தால் ஒன்றேகால் ஆம்பியர் சொச்சம். அது பெரிய சுமை இல்லை. பெரிய சுமை எது தெரியுமா? அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிற காப்பி கெட்டில். சன்ன வயர், சுருளாகவே கிடக்கிற வயர், அதன்மேல் ஜமக்காளம், ஜமக்காளத்தின்மேல் ஆட்கள். வயரைச் சுருள் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுவரோரமாக இழுங்கள், நடைபாதையைத் தாண்ட வேண்டியிருந்தால் மேலே அகலமாக டேப் ஒட்டுங்கள். கெட்டிலுக்கு வேறு பாயின்ட் பாருங்கள்.

மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னாகச் செருகுகிற வித்தையும் நம்மிடம் இருக்கிறது. லேப்டாப்பைத் தொட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார்களே, அது இதனால்தான். எர்த் இல்லாத கருவியின் உலோக உடம்பில், உள்ளே இருக்கிற வடிகட்டிக் கண்டென்சர் வழியாகச் சின்னதாக ஒரு மின்சாரம் கசிந்து நிற்கும். கைக்கு அது எறும்பு. ஆனால் நீங்கள் எச்டிஎம்ஐ வயரைச் செருகுகிற நொடியில் அந்தக் கசிவு அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பாயும், உள்ளே இருக்கிற சிப் கருகலாம். "நேத்து வரைக்கும் வேலை செஞ்சுது சார், இன்னைக்கு நோ சிக்னல்" என்று கொண்டுவரும் கருவிகளில் பலவற்றின் கதை இது. அதனால் வரிசை மாறக் கூடாது. முதலில் எச்டிஎம்ஐ வயர், இரண்டு பக்கமும் அணைந்திருக்கும்போது. பிறகு பவர். லேப்டாப் சார்ஜரும் புரொஜெக்டரும் ஒரே பலகையில், எர்த் உள்ள பாயின்ட்டில் இருக்கட்டும். மண்டபத்து மின்பெட்டியில், கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒரு பந்திச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது.

இப்போது கண். லேசர் புரொஜெக்டருக்கு ஒரு பத்தியம் உண்டு என்றேனே, அது இதுதான். சாதா விளக்குக்கும் இது பொருந்தும், லேசரில் கூடுதல். கருவியின்மேல் ஆர்ஜி2 என்று ஒட்டியிருந்தால், தற்செயலாக ஒளி கண்ணில் பட்டால் கண் தானே சிமிட்டித் திரும்பிக்கொள்ளும், அதுவே காவல் என்று அர்த்தம். கண் சிமிட்டக் கால் நொடி. பெரியவர்கள் திரும்பிக்கொள்வார்கள். நாலு வயதுக் குழந்தை என்ன செய்யும்? லென்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று கிட்டே போய் எட்டிப் பார்க்கும். அதனால் மேசையைக் குழந்தைகள் உட்காருகிற பக்கம் வைக்காதீர்கள். ஆர்ஜி3 என்று இருந்தால் ஆள் தலைக்கு எட்டாத உயரத்தில்தான் மாட்ட வேண்டும், குறிப்பேட்டில் போட்டிருக்கிற தூரத்துக்குள் யாரும் ஒளிக்குள் வரக் கூடாது. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: திரைக்கு முன் நின்று பாடம் நடத்தும்போது ஒளிக்குள் நின்றுகொண்டு பிள்ளைகளைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள்.

நடுவில் யாராவது பேச எழுந்தால், படத்தை மறைக்கப் பஜனைப் புத்தகத்தை எடுத்து லென்ஸுக்கு முன்னால் நிறுத்துகிற பழக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியையே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அத்தனை வெளிச்சமும் ஒரு கையகல இடத்தில் குவிகிறது. பிளாஸ்டிக் மூடி உருகி லென்ஸில் ஒட்டியதை எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறேன். ரிமோட்டில் பிளாங்க் அல்லது ஏவி மியூட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. படம் மறைவதற்கு அது போதும்.

என் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். ஒரு ஊரில் ஆண்டுவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். நடுவில் கரென்ட் போயிற்று. ஜெனரேட்டர் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. விளக்கு சூடாக இருக்கும்போது உடனே பற்றாது, ஆற வேண்டும், ஐந்து பத்து நிமிடம். இது எனக்குத் தெரியும், நான் பாடம் நடத்துகிறவன். ஆனால் மேடையில் முக்கியஸ்தர், கீழே ஐந்நூறு பேர், பக்கத்தில் ஒருவர், "சார் சீக்கிரம், சார் சீக்கிரம்" என்கிறார். பட்டனை அமுக்கினேன், பற்றவில்லை. மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, பலூன் உடைந்த மாதிரி ஒரு சத்தம். பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாகப் புகை. உலுக்கினால் உள்ளே சலசலவென்று கண்ணாடித் துகள்.

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், முன்வரிசைப் பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டதுதான். பாதரச ஆவி என்பதால் கிட்டே போய் மோந்து பார்க்கக் கூடாது, காற்றாட விட வேண்டும். துகளை வெறுங்கையால் தொடக் கூடாது, வேக்குவம் கிளீனர் போடக் கூடாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும், குப்பைத்தொட்டியில் அல்ல. புது விளக்கு மாட்டும்போதும் குவார்ட்ஸ் குமிழில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் அந்தச் சூட்டில் கறையாகி, அந்த இடமே பலவீனமாகும்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரு 600 விஏ யூபிஎஸ் கூடவே வரும். நிகழ்ச்சியை ஓட்டுவதற்கு அல்ல. கரென்ட் போனால் முறையாக அணைத்து, விசிறி ஓடி, விளக்கு ஆறுவதற்கு வேண்டிய இரண்டு மூன்று நிமிடத்துக்கு. நிகழ்ச்சி முடிந்தாலும் அதே மரியாதை. பவர் பட்டனை அமுக்குங்கள், விசிறி தானாக நிற்கட்டும், அதற்குப் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். சாவிக்காரர் இரண்டு நிமிடம் நிற்கட்டும், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

திருமலைக்குக் கருவியைக் கொண்டுபோகிறவர்கள் எதைக் கவனிப்பது என்று கேட்டீர்கள். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். அதனால் வயர், ரிமோட், அடாப்டர் எல்லாம் தனித்தனிப் பையில் இருந்தால் திறந்து காட்டிச் சட்டென்று மூடலாம். சூடு ஆறாத கருவியை மலைப்பாதைக் குலுக்கலில் ஏற்றாதீர்கள். உயர இடத்துக்கான ஹை ஆல்டிட்யூட் அமைப்பைப் போட வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மேலே காற்று மெல்லிசு, விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், அதற்குத்தான் அது. பல கருவிகளுக்கு 1500 மீட்டருக்கு மேல் போனால்தான் அது தேவை. திருமலை 850 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, உங்கள் கருவியின் குறிப்பேட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். ஊட்டிக்குக் கொண்டுபோனால் கட்டாயம் போட வேண்டும்.

பேச ஆரம்பித்து அரை மணி ஆகிவிட்டது. இதற்குள் நம் தம்பி சத்தமில்லாமல் கோடு கிழித்து, மேசையை உயர்த்தி, வயரைச் சுவரோரம் ஒட்டிவிட்டார், பார்த்தீர்களா? யாரும் கவனிக்கவில்லை. தம்பி, எச்டிஎம்ஐ போட்டாச்சா? மூடியைக் கழற்றினாயா? அந்தப் பாப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கூப்பிடும்மா, ஆமாம், அம்மா மடியிலேயே உட்காரட்டும். முன்னால் இருக்கிற அந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் அணை. பின்னால் இருப்பது எரியட்டும்.

சரி, போடு.

படம் இன்னும் மங்கலாகத்தான் தெரியும். விளக்கு முழு வெளிச்சத்துக்கு வர ஒரு நிமிடம் ஆகும், பொறுங்கள்.